மூளை வாய்க்கால் அல்ல

"வாய்க்கால் அடைச்சா தூர் வாருறோம்ல? மூளைக்குப் போற குழாய்க்கும் அதே கதைதான். ஸ்டென்ட் வச்சுட்டா வாதம் வராது." மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் ஒரு டாக்டர் இப்படிப் பேசினார். கேட்டவர்கள் பெரியாற்றுப் பாசனத்துச் சம்சாரிகள், தலையாட்டாதவர் இல்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. மதுரையில் இந்த உவமையை யார் சொன்னாலும் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

தூர் வாரினால் வண்டல் வெளியே வரும், வயலுக்கு அடிக்கலாம். ஸ்டென்ட் எதையும் வெளியே எடுப்பதில்லை. படிந்த கொழுப்பைக் குழாயின் சுவரோடு நசுக்கி, கம்பிவலையால் முட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான். வாய்க்கால் சேற்றை இரு கரையிலும் அப்பினால் முதலில் எது அடைபடும்? மடை. சம்சாரிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூளைக்கும் மடைகள் உண்டு. அதன் அடியில் ஓடும் குழாய்களிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூடப் பருமன் இல்லாத கிளைகள் பிரிந்து உள்ளே போகின்றன. கை கால் அசைவுக்கான நரம்புப் பாதைகள் அவற்றை நம்பித்தான் இருக்கின்றன. நசுங்கிய கொழுப்பு அந்த வாயில் போய் உட்கார்ந்தால், தடுக்க நினைத்த வாதத்தை நாமே வரவழைத்ததாகும்.

இது வெறும் பயமில்லை. அமெரிக்காவின் 'சாம்ப்ரிஸ்' ஆய்வில் இருந்தவர்கள் 451 பேர். எல்லோருக்கும் மூளைக்குள் 70 முதல் 99 சதவீத அடைப்பு. வாதமோ அதன் முன்னறிகுறியோ அண்மையில் கண்டவர்கள். 2011 ஏப்ரலில் புதிதாக ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். காரணம், முதல் 30 நாளில் வாதமோ மரணமோ நேர்ந்தது ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம்; மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5.8. சீனாவில் பழகிய கைகளைக் கொண்டு, நோயாளிகளைப் பொறுக்கி எடுத்துச் செய்த 'காசிஸ்' ஆய்வும் 2022-ல் ஸ்டென்ட்டுக்குக் கூடுதல் பலன் காட்டவில்லை.

நெஞ்சுக்கு வைக்கிறோமே என்பார்கள். மூளைக்குள் ஓடும் குழாயின் சுவர் அதைவிட மெல்லியது. வளைவு நெளிவும் அதிகம். 2024-ல் சீனாவிலிருந்து நல்ல முடிவு வந்ததே என்பார்கள். அது குழாயைப் பலூனால் விரிப்பதற்கான ஆய்வு, ஸ்டென்ட்டுக்கானதல்ல. கழுத்துக் குழாயில் ஸ்டென்ட் வைப்பது வேறு விஷயம். வாதம் வந்த சில மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியை எடுப்பதும் வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்கக் கூடாது.

சாம்ப்ரிஸில் மருந்துத் தரப்புக்குக் கொடுத்தது என்ன? ஆஸ்பிரின், 90 நாள் க்ளோபிடோக்ரெல், கொழுப்புக்கு ஸ்டாட்டின், கட்டுக்குள் பிரஷர், புகைக்கு முழுக்கு, உடற்பயிற்சி. இங்கே 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அன்று அந்த மண்டபத்தில் ஸ்டென்ட் படம் பெரிய திரையில் ஓடியது. "பிரஷர் மாத்திரை தினமும் போடுறீகளா ஐயா?" என்று ஒருவரிடம்கூட யாரும் கேட்கவில்லை.