காய்ச்சல் விட்டதும் மைதானமா?

பள்ளி உடற்கல்வி ஆசிரியரான நான் போட்டிக் காலத்தில் அடிக்கடி கேட்பது இது: "சார், காய்ச்சல் நேத்தே விட்டுடுச்சு, பையனை ஓட விடுங்க." நான் விடுவதில்லை. பெற்றோர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

காய்ச்சலைத் தரும் வைரஸ் சில சமயம் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். அந்த நிலையில் கடுமையாக ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். பேயர்ன் மியூனிக் கால்பந்து வீரர் அல்போன்சோ டேவிஸுக்கு 2022 ஜனவரியில், கொரோனாவுக்குப் பின், லேசான இதயத்தசை அழற்சி இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. ஏப்ரலில்தான் மீண்டும் களமிறங்கினார். அத்தனை பெரிய கிளப்பே காத்திருந்தது. வட்டார அளவிலான ஒரு கோப்பைக்கு நமக்கென்ன அவசரம்? டெங்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும். காய்ச்சல் இறங்கும் நாள்களில்தான் அபாயம் கூடும்.

காய்ச்சல் விட்டு வரும் என் மாணவர்கள் முதலில் நடப்பார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா, மறுநாள் அசதி இல்லையா என்று பார்த்த பிறகே மெதுவோட்டம். கபடியெல்லாம் கடைசியில். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், வழக்கத்துக்கு மீறிய மூச்சுவாங்கல், இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

சக ஆசிரியர்களே, காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளையின் பெயரை அணிப் பட்டியலில் எழுதும் முன், பக்கத்தில் உட்காரவைத்து விசாரியுங்கள்.