நிச்சய வாடகை என்கிறார்கள்

சென்ற வாரம் காலை நடையின்போது பசுமலை நண்பர் ஒருவர் ஒரு வண்ண நோட்டீஸைக் காட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன அறைகளாக ஒரு ஓட்டல் வரப்போகிறதாம். ஒரு அறைக்குப் பணம் போட்டால் மாதாமாதம் நிச்சய வாடகையாம். "ரிடையர்மெண்ட் பணம் பேங்கில் சும்மாதானே கிடக்கு, போடலாமா சார்?" என்றார். அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

தொழில் நல்ல தொழில்தான். பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையிலேயே வந்துவிடுகிறது. இறங்குகிறவர்கள் குளித்து, மீனாட்சியைத் தரிசித்து, மதியம் சற்றுக் கண்ணயர்ந்து, சாயங்காலம் ஊரைவிட்டுப் போகிறவர்கள். பகல் 12 மணிக்குத்தான் அறை என்றால் பெட்டியோடு எங்கே நிற்பார்கள்? கண் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிறவர்களுக்கும், 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை வந்தபின் வழக்குக்காக வருகிறவர்களுக்கும் வேண்டியது சில மணி நேரமும் சுத்தமான கழிப்பறையும்தான்.

இது நமக்குப் புதிதும் இல்லை. ஸ்டேஷன் எதிரிலேயே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கு வைக்கும் லாட்ஜுகள் மதுரையில் பழைய வழக்கம். ஒசாகாவில் 1979-ல் தொடங்கிய கேப்சூல் ஓட்டல், 2021-ல் மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டது.

ஆனால் தொழில் நல்லது என்பது வேறு, அதில் நம் பணத்தைப் போடுவது வேறு. பேச்சுக்கு 10 அறை, நாளைக்கு 1,000 ரூபாய் என்று வையுங்கள். பாதி அறை நிரம்பினால் மாதம் ஒன்றரை லட்சம். இதில்தான் ஆள் சம்பளம், சலவை, தண்ணீர் லாரி, கரண்ட் பில், புக்கிங் ஆப்காரர்களின் கமிஷன் எல்லாம். சித்திரைத் திருவிழாவில் திண்ணைகூடக் கிடைக்காது, சரி. ஐப்பசி மழையில் ஒரு புதன்கிழமை? அறை காலியாகக் கிடக்கும்போதும் வாடகை நிச்சயம் என்றால், அந்தப் பணம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் நமக்குப் பின்னால் சேர்ந்தவரின் பணமாகத்தான் இருக்கும்.

பலரிடம் பணம் திரட்டி, வேறொருவர் நிர்வகித்து, வருமானம் தருவதாகச் சொல்லும் திட்டம் என்றால் செபி பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அடுத்தது தீயணைப்புத் துறையின் சான்று. 2024 செப்டம்பரில் பெரியார் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு பெண்கள் விடுதியில் தீப்பிடித்து உயிர்ச்சேதமானதை மறக்கக் கூடாது. சின்ன இடத்தில் பலரைப் படுக்க வைக்கும் தொழிலில் இரண்டாவது வாசல்தான் முதல் செலவு.

ஸ்டேஷன் பக்கம் சொந்தமாக மாடி இருந்தால், உரிமம் வாங்கி, இரண்டு அறையில் தொடங்கி, போர்வையை நீங்களே மோந்து பார்த்து நடத்துங்கள். அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நேரில் போய்ப் பார்க்க முடியாத அறைக்கு, திரும்பச் சம்பாதிக்க முடியாத பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நோட்டீஸை மட்டும் கிழிக்கவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதனால்தான் எழுதியும் வைக்கிறேன்.