பிள்ளையின் நிறையும் கொழுந்தின் நிறையும்

கிளினிக் நாளில் நம் தாய்மார் கேட்டுவரும் பேச்சு எந்தத் தோட்டத்திலும் ஒன்றுதான். பிள்ளையைத் தராசில் வைக்கிறார்கள். அட்டையில் கோடு கீழே இறங்கியிருக்கிறது. உடனே தாய்க்கு ஏச்சு விழுகிறது. "முட்டை குடுக்கிறதில்லையா? கீரை குடுக்கிறதில்லையா? பிள்ளையப் பார்க்காம என்ன செய்றீங்க?"

என்ன செய்கிறாள்? விடியுமுன் எழுந்து ரொட்டி சுடுகிறாள். பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறாள். பிறகு மாலைவரை மலையில் நிற்கிறாள். கேட்டவருக்கும் இது தெரியாததல்ல.

2016ஆம் ஆண்டு அரசாங்கம் நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதைப் பார்த்துவிட்டு, "தோட்டத்துப் பொம்பளைகளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மலைநாடு முழுக்க உள்ள தாய்மாருக்கெல்லாம் ஒரே மாதிரி அறிவு குறைந்துபோய்விட்டதா? குறைந்திருப்பது அவர்களுடைய நேரமும் கூலியும்.

நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்கிறது சுகாதாரத் திணைக்களம். சரியான அறிவுரைதான். ஆனால் சட்டம் தரும் பிரசவ லீவு 84 நாள்கள். அதில் 14 நாள் பிரசவத்துக்கு முன்பே போய்விடுகிறது. மீதியை எண்ணிப் பாருங்கள்: பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும் முன்பே தாய் கூடையைத் தூக்க வேண்டும். மீதி மாதங்களில் யார் பால் கொடுப்பது?

இதற்கும் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. நம்மில் பாதிப்பேருக்கு அது தெரியாது, தெரிய வைக்க நிர்வாகத்துக்கு ஆசையும் இல்லை. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தொழிலாளிக்குப் பால் கொடுக்க ஒரு நாளில் இரண்டு தடவை நேரம் விட வேண்டும். பிள்ளைக் காம்பரா இருந்தால் தடவைக்கு அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது சாப்பாட்டு நேரத்துக்குப் புறம்பானது. துரை மனம்வைத்துத் தரும் சலுகையல்ல, உரிமை.

"நேரம் கொடுக்கிறோமே" என்று துரைமார் சொல்வார்கள். சில தோட்டங்களில் கொடுப்பதும் உண்மை. ஆனால் கிலோக் கணக்கைக் குறைக்கிறார்களா? பக்கத்து நிரையில் நிற்பவள் பறிக்க வேண்டிய அதே 18 கிலோவை, 20 கிலோவைப் பால் கொடுத்துவிட்டு வந்தவளும் பறிக்க வேண்டும். மேட்டு மலையிலிருந்து காம்பராவுக்கு இறங்கி ஏறும் நேரம் வேறு. கிலோ குறைந்தால் அரைப்பேர். எந்தத் தாய் இறங்கிப் போவாள்? சட்டம் கொடுத்த நேரத்தைத் தராசு பறித்துக்கொள்கிறது. 2021இல் 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தபோது பல தோட்டங்களில் கிலோ ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். சம்பளப் பேச்சுவார்த்தையில் பிள்ளையின் பாலும் அடக்கம் என்பதை நமது தலைவர்மாரும் அப்போது உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். அங்கும் பேச வேண்டியது இருக்கிறது.

சம்பளநாளில் தவறணைக்குப் போகும் காசுதான் பிள்ளையின் முட்டையும் நெத்தலிக் கருவாடும். ஆண்களே, இதைச் சொல்லக் கம்பனிக்காரன் வரத் தேவையில்லை, நாமே சொல்லிக்கொள்வோம்.

அடுத்தது பெரிய பிள்ளைகள். சின்னதுகளை நிறுக்கவாவது ஒரு தராசு இருக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்பிள்ளையை யார் பார்க்கிறார்கள்? தாய் மலையில் நிற்க, தம்பி தங்கையைப் பார்ப்பவள் அவள்தான். காலையில் ரொட்டித் துண்டும் சாயத்தண்ணியும் குடித்துவிட்டு மைல் கணக்கில் நடந்து பள்ளிக்கூடம் போகிறாள். மாதவிடாயில் இரத்தம் போகும் வயது. வகுப்பில் தலைசுற்றிக் கண் மூடினால் "சோம்பேறி" என்று பெயர். வீட்டிலும் அதே பெயர்தான். அது சோம்பல் அல்ல, பெரும்பாலும் இரத்தசோகை. கிளினிக்கில் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து வில்லையை வீசாமல் விழுங்குகிறாளா என்று கேளுங்கள்.

சாயத்தண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாப்பாட்டோடு தேயிலை குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். வில்லையைத் தண்ணீரோடோ தேசிக்காய்ச் சாறோடோ விழுங்கட்டும். உலகத்துக்குத் தேயிலை கொடுக்கும் நம் வீட்டில், பசியை அடக்கப் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுப்பதும் அந்தத் தேயிலைத் தூள்தான். சத்துணவு பற்றிப் பாடம் எடுக்க வருகிறவர்கள் அந்தப் பசி எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒவ்வொரு தோட்டத் தலைவரும் ஒரு கணக்கு எடுக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையோடு வேலைக்குப் போகும் தாய்மார் எத்தனை பேர்? எத்தனை பேருக்குப் பால் கொடுக்கும் நேரம் கிடைக்கிறது? அந்த நேரத்துக்கு எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது? பிள்ளைக் காம்பராவில் ஆயம்மா இருக்கிறாரா, தண்ணீர் இருக்கிறதா? கிலோ குறைந்ததால் அரைப்பேர் போட்ட சம்பளத் துண்டு யாரிடமாவது இருந்தால், அதைக் கிழித்துப் போடாமல் நமது மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். தொழில் திணைக்களத்தின் மேசையில் வைக்க அதுதான் வேண்டும்.