வெளிநாட்டில் படித்த மருத்துவரும் நமது கடமையும்

வீட்டுப் பிள்ளை ஒருவன் மருத்துவம் படிக்கப் புறப்பட்டால், அன்று முதலே 'டாக்டர் தம்பி' என்று அழைக்கத் தொடங்கிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். என் பெரியப்பா மகனும் அவ்வாறு அழைக்கப்பட்டவரே. நிலத்தை அடகு வைத்து அவரை உக்ரைன் நாட்டுக்கு அனுப்பினார்கள். 2022 பிப்ரவரியில் அங்கே போர் மூண்டது. இறுதியாண்டில் இருந்த அண்ணன் ஊர் திரும்பினார். எஞ்சிய பாடங்களை இணையவழியே முடித்துப் பட்டமும் பெற்றார். ஆயினும் பெயர்ப்பலகை மாட்ட மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"பட்டம் வாங்கியவனுக்கு இன்னும் என்ன பரீட்சை?" என்று சிலர் கேட்டனர். "அங்கே படித்தவனிடம் ஊசி போட்டுக்கொள்ளலாமா?" என்று வேறு சிலர் முணுமுணுத்தனர். நாம் கேட்க வேண்டியது இவ்விரண்டும் அல்ல. பதிவு பெறுமுன் அவர் அருகே நின்று கற்பித்தவர் யார் என்பதே உரிய கேள்வி என்பது என் கருத்து.

சட்டம் கூறுவதைச் சுருக்கமாகக் காண்போம். ஒரு சில நாடுகளின் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு விலக்கு உண்டு. வெளிநாட்டில் படித்துத் திரும்பும் ஏனைய இந்தியர், 2002 முதல் தகுதித் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். வினாக்கள் 300, தேற 150 மதிப்பெண். 2023 ஜூன் தேர்வில் தேறியவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேரே. இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக 2020இல் வந்த தேசிய மருத்துவ ஆணையம், 2021 நவம்பரில் விதிகளை மேலும் இறுக்கியது. படிப்பு 54 மாதங்களுக்குக் குறையலாகாது. ஆங்கில வழியில் அமைய வேண்டும். அங்கேயே 12 மாதப் பயிற்சியும் அந்நாட்டில் தொழில் செய்யும் உரிமையும் பெற வேண்டும். பின்னர் இங்கும் 12 மாதம் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடிக்க வேண்டும். போரால் நேரில் பயில இயலாமல் 2022 ஜூன் 30க்குள் பட்டம் பெற்ற இறுதியாண்டு மாணவர்களுக்கு இப்பயிற்சி இரண்டாண்டு ஆக்கப்பட்டது. அண்ணன் இவ்வகையினர்.

இவ்விதிகள் கடுமையானவை என்பதை மறுப்பதற்கில்லை, ஆயினும் தேவையானவையே. அண்ணன் ஆங்கிலத்தில் பாடம் படித்தார்; அங்கிருந்த நோயாளிகளோ உக்ரைன் மொழியும் ரஷ்ய மொழியும் பேசினர். "நெஞ்சு கரிக்குது, கிறுகிறுன்னு வருது" என்று கூறும் நம் பாட்டியின் நோயைப் புத்தகம் மட்டும் கொண்டு அறிய முடியுமா?

பயிற்சியின்போது நிகழ்ந்த ஒன்றை அவர் அடிக்கடி சொல்வார். வரப்பில் ஏதோ கடித்ததென்று ஓர் உழவரை இரவில் கொண்டு வந்தனர். பாம்பா, வேறு பூச்சியா என்று தெரியவில்லை; பல் தடமும் தெளிவாக இல்லை. மூத்த மருத்துவர் அண்ணனை அருகழைத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுக்கச் செய்து, 20 நிமிடம் அசையாமல் வைக்கச் சொன்னார். பிறகு சாய்த்துப் பார்த்தால் இரத்தம் உறையவில்லை. விரியன் நஞ்சு என்று துணிந்து மாற்று மருந்து ஏற்றினர். இதையும் தேர்வில் கேட்டிருக்கலாம். ஆனால் அண்ணனின் கை கற்றது அன்றிரவுதான்.

வருத்தம் யாதெனில், அத்தகைய இரவுகள் சிலவே. மற்ற நாட்களில் இரத்த மாதிரிகளை ஆய்வுக்கூடத்துக்குச் சுமப்பதும் சீட்டு எழுதுவதுமே அவர் வேலை. பயிற்சிப் பதிவேட்டில் கையொப்பம் மட்டும் மாதந்தோறும் தவறாமல் விழுந்தது!

மேற்பார்வை தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஆஸ்திரேலியா ஒரு பாடம். அந்நாட்டின் பண்டபெர்க் நகர அரசு மருத்துவமனை, வெளிநாட்டில் பயின்ற அறுவை மருத்துவர் ஒருவரை 2003இல் பணியில் சேர்த்தது. அமெரிக்காவில் அவர்மேல் விதிக்கப்பட்டிருந்த கட்டுப்பாடுகளை எவரும் சரிவர ஆராயவில்லை. பிறர் கண்காணிப்பில் பணியாற்ற வேண்டியவரை அறுவைப் பிரிவின் தலைவராகவே ஆக்கிவிட்டனர். செவிலியர் ஒருவரின் முறையீடு 2005இல் சட்டமன்றம் வரை சென்ற பின்னரே விசாரணை நடந்தது. 2010இல் நாடு முழுமைக்கும் ஒரே பதிவுமுறை வந்தது. அங்கே மேற்பார்வை படிப்படியாகத் தளர்த்தப்படுகிறது. தொடக்கப் படியில் நோயாளியின் பொறுப்பை மேற்பார்வையாளரே ஏற்கிறார்.

நாம் செய்யத்தக்கவை யாவை? வெளிநாட்டில் படித்தோர்க்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 விழுக்காடு கூடுதல் இடம், கட்டணமில்லாப் பயிற்சி, இங்கு படித்தோர்க்கு இணையான உதவித்தொகை என்று ஆணையம் 2022 மார்ச்சில் அறிவித்தது. அவ்வறிவிப்பு எங்கும் தாளில் நின்றுவிடாமல் நடைமுறையாக வேண்டும். பயிற்சியாளர் ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்து ஒரு மேற்பார்வையாளர் அமர்த்தப்பட வேண்டும். என்னென்ன செய்யக் கற்றார் என்பதை அவர் நேரில் கண்டு எழுத வேண்டும். அக்கையொப்பத்துக்கு அவரே பொறுப்பாக வேண்டும். செவிலியரின் கருத்தும் கேட்கப்பட வேண்டும். கூட்டம் நிரம்பி வழியும் மருத்துவமனையில் இதற்கு நேரமேது எனலாம். நேரம் ஒதுக்காத மேற்பார்வை மேற்பார்வை ஆகுமா?

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். பயிற்சிக் காலத்தில் ஐந்தாமவர் ஒருவரும் வேண்டும், அவரே மேற்பார்வையாளர்.

அண்ணன் இன்று பதிவு பெற்ற மருத்துவர். அவ்விரவு அவரருகே நின்றவரைப் போல் ஒருவர், பயிலும் மருத்துவர் அனைவருக்கும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. கிடைக்கிறாரா என்று கேட்பது, நாளை அவர்களிடம் கை நீட்டி நாடி பார்க்கச் சொல்லப்போகும் நமது கடமை.