உடம்பின் சுயம்வரம்

சனிக்கிழமையன்று திருநள்ளாறு சென்றவர்களுக்கு நள தீர்த்தத்தின் ஜனக்கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நளனைப் பற்றியிருந்த சனி விலகிய ஸ்தலம் அது என்பது ஐதீகம். ஆனால் இந்த வாரம் நமக்கு வேண்டியது, சனி பிடிப்பதற்கு முன்பே நிகழ்ந்த ஒரு சம்பவம்.

தமயந்தியின் சுயம்வரத்தில் தேவர்கள் நால்வர் நளன் உருவிலேயே வந்து அமர்ந்தார்கள். அவள் திகைத்தாளேயன்றி ஏமாறவில்லை. எவனுடைய கண் இமைத்தது, எவனுடைய கால் தரையில் பட்டது, எவனுடைய மாலை வாடியிருந்தது என்று பார்த்துத் தன் நளனைக் கண்டுகொண்டாள்.

நம் ஒவ்வொருவர் தேகத்திலும் இப்படி ஒரு தமயந்தி இருக்கிறாள். இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களே அவள். நம் அணுக்களின் மேற்புறத்திலுள்ள அடையாளங்களைக் கண்டு 'இது நம்முடையது' என்றும், அவை மாறுபட்டால் 'இது அயல்' என்றும் தீர்ப்புச் செய்கிறாள். நோய்க் கிருமிகளிடமிருந்து நாம் பிழைத்திருப்பது அவளால்தான். துரதிருஷ்டம் யாதெனில், அண்ணன் உயிர் பிழைக்கத் தம்பி மனமுவந்து கொடுத்த சிறுநீரகத்தையும் அவள் அயலென்றே தள்ளிவிடுகிறாள். அன்பு என்பது அவளுக்கு விளங்கும் அடையாளமன்று.

இந்த இரகசியத்தை வெளிப்படுத்தியவர்களில் முதன்மையானவர் பீட்டர் மெடவார் என்னும் ஆங்கில விஞ்ஞானி. 1943-ல் கிளாஸ்கோ நகரில், தீக்காயமுற்ற ஒரு பெண்ணுக்கு அவளுடைய சகோதரனின் தோலை வைத்து ஒட்டினார்கள். அது அழிந்தது. மறுமுறை வைத்த தோல் முன்னிலும் விரைவில் அழிந்தது. ஆகவே உடம்பு அயலைத் தள்ளுவதோடு நில்லாமல், அதை நினைவிலும் வைத்துக்கொள்கிறது என்று தெரிந்தது. பின்னர் 1953-ல், கருவிலிருந்த எலிக்குஞ்சுகளுக்கு வேற்று எலியின் அணுக்களைச் செலுத்தினார்கள். அவை வளர்ந்தபின் அதே இனத்து எலியின் தோலை விரோதமின்றி ஏற்றுக்கொண்டன. உடம்புக்கும் பழக்கினால் பரிச்சயம் உண்டாகும்! 1960-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

1954-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் சிறுநீரக மாற்று சிகிச்சை முதன்முதல் பலித்ததற்கு, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான இரட்டையராயிருந்ததே காரணம். மற்றவர்களுக்கு எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் வர வேண்டியிருந்தது. அவற்றின் துணையால் நம் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1971-ல் இத்தேசத்தின் முதல் வெற்றி கிட்டியது. ஆனால் இம்மருந்துகள் தமயந்தியின் கண்ணையே மங்கச் செய்பவை. சாதாரணக் கிருமியும் அப்போது துணிந்து உள்ளே வந்துவிடும். மேலும், ஆயுள் முழுவதும் உண்ண வேண்டும். ஆயுள் முழுவதும் விலை கொடுக்க வேண்டும்.

இந்தக் கஷ்டத்தைத் தீர்ப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் குஜராத்தில் 1932-ல் பிறந்த டாக்டர் எச். எல். திரிவேதி. அமெரிக்காவில் பயின்று, கானடா தேசத்து ஹாமில்டன் நகரில் நல்ல வருமானத்துடன் வைத்தியம் செய்துவந்தவர், 1977-ல் எல்லாவற்றையும் விட்டுத் தாய்நாடு திரும்பினார். அஹமதாபாத்தில் அவர் உருவாக்கிய சிறுநீரக ஆராய்ச்சி நிலையத்தில் ஏழைகளுக்கும் மாற்று சிகிச்சை கிடைத்தது. பல்லாயிரம் பேர் அங்கே பிழைத்தார்கள்.

ஏழைக்கு அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்துவிடலாம். மறுநாள் முதல் மாத்திரைக்கு அவன் எங்கே போவான்? இக்கேள்விதான் அவரை ஆராய்ச்சிக்குத் திருப்பியது. மெடவார் காட்டிய வழியிலேயே, கொடுப்பவரின் எலும்பு மஜ்ஜை அணுக்களை முன்கூட்டி நோயாளிக்குச் செலுத்தி, வரப்போகும் விருந்தினரை உடம்புக்கு அறிமுகம் செய்துவைக்க முயன்றார். மருந்தின் அளவைக் குறைக்க முடிந்ததென்று அவரும் சகாக்களும் எழுதினார்கள். மருந்தே வேண்டாம் என்னும் நிலை உலகில் இன்றும் மிகச் சிலருக்கே வாய்த்திருக்கிறது. 2015-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2019-ம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று காலமானார். அவருடைய கேள்வி இன்னும் முடியவில்லை.

நம் குடும்பங்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. இந்தியாவில் உயிரோடிருந்து சிறுநீரகம் தருபவர்களில் பெரும்பாலோர் தாய்மாரும் மனைவிமாருமே. பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆடவர். மனைவிக்கு வேண்டியிருக்கும்போது, 'அவர் சம்பாதிக்கிறவர்' என்று சொல்லிவிடுகிறோம். உடம்பு அயலை மறுப்பது அதன் இயற்கை. அதைத் திருத்த விஞ்ஞானிகள் உழைக்கிறார்கள். மனம் தன்னவளையே மறுப்பதற்கு எந்த வைத்தியசாலையிலும் மருந்தில்லை. அதை நாமேதான் திருத்திக்கொள்ள வேண்டும்.