கிளைத் தலைமையில் எல்லாத் தொழிலுக்கும் இடம் வேண்டும்

ஒரு கல்லூரி தன் பெருமைக்குரியவர்களாக யாரையெல்லாம் சொல்கிறது என்று பார்த்தால் ஒரு பட்டியல் கிடைக்கும். அதன் முன்னாள் மாணவர் சங்கத்தின் வெளிநாட்டுக் கிளைகளை யார் நடத்துகிறார்கள் என்று பார்த்தால் வேறொரு பட்டியல் கிடைக்கும். திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி 1939-இல் தொடங்கப்பட்டது. அங்கே 1966-இல் பட்டம் பெற்ற ஜி. மாதவன் நாயர், தன் பணிக்காலத்தை அரசின் விண்வெளித் துறையில் கழித்து, 2003 முதல் 2009 வரை இஸ்ரோவின் தலைவராக இருந்தார். குறைந்த செலவில் வீடு கட்டும் முறைக்காகப் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர் ஜி. சங்கரும் அங்கே படித்தவர்தான். அதே நகரில் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்த கே. ஆர். நாராயணன், இதழாளராகவும் தூதராகவும் பணியாற்றிக் குடியரசுத் தலைவரானார். கல்லூரிகள் மேடைதோறும் சொல்லிக் கொள்ளும் பெயர்கள் இவை. பொதுப்பணியும் கலையும் எழுத்தும் இவர்களை உயர்த்தின. வெளிநாட்டுக் கிளைகளின் மேடைகளிலோ பெரும்பாலும் நிறுவன உரிமையாளர்களும் ஒப்பந்ததாரர்களும் உயர்நிலை மேலாளர்களுமே அமர்ந்திருக்கிறார்கள். இந்த நிலை மாற வேண்டும். சங்கங்களே விதி வகுத்து இதை மாற்ற வேண்டும் என்பது நமது நிலைப்பாடு.

இது மரியாதை பற்றிய பிரச்சினை மட்டுமல்ல. கிளைத் தலைவரின் தொழில் எதுவோ, அதைப் பொறுத்தே கிளையின் வேலையும் அமைகிறது. வணிகர்கள் மட்டுமே நடத்தும் கிளையின் ஆண்டு நிகழ்ச்சி நட்சத்திர ஓட்டல் விருந்தாகவும் நன்கொடை அறிவிப்பாகவும் சுருங்கிவிடும். ஓர் ஆசிரியர் பொறுப்பில் இருந்தால் தாய்க் கல்லூரியின் பாடத்திட்டம் பற்றிய பேச்சு எழும். தொழிலாளர் சட்டம் அறிந்தவர் இருந்தால், சம்பளம் வராமல் தவிக்கும் இளம் பட்டதாரிக்கு வழி பிறக்கும். ஆய்வாளர் இருந்தால் மேற்படிப்புக்கு வருபவர்களுக்கு எந்தப் பல்கலைக்கழகத்தை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்ற அறிவுரை கிடைக்கும். இன்று கல்லூரிகளின் தர மதிப்பீட்டிலேயே முன்னாள் மாணவர் ஈடுபாடு தனி இனமாக இடம்பெற்றிருக்கிறது. நிதி தருவது அதன் ஒரு பகுதிதான். மற்ற பகுதியை நிறைவேற்றப் பல துறை அனுபவம் தேவை.

வெளிநாடு செல்வோரின் முகமும் மாறிவிட்டது. 2023-ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வின்படி, வெளிநாட்டில் வாழும் கேரளத்தவர் சுமார் 22 லட்சம் பேர். அவர்களில் சுமார் இரண்டரை லட்சம் பேர் மாணவர்கள். 2018-இல் இந்த எண்ணிக்கை சுமார் 1.3 லட்சமாக இருந்தது. பெண்களின் பங்கு 15.8 விழுக்காட்டிலிருந்து 19.1 ஆக உயர்ந்திருக்கிறது. வளைகுடா நாடுகளில் இருப்பவர்களின் பங்கு 89.2 விழுக்காட்டிலிருந்து 80.5 ஆகக் குறைந்திருக்கிறது. வளைகுடாவில் ஒப்பந்தத் தொழில் செழித்த காலத்துக்கு ஏற்ப உருவான தலைமை முறை, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் இளைஞருக்கு எந்த அளவு உதவும்? பெண்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களிலேயே பட்டம் பெற்ற பி. கே. திரேசியா, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். அரை நூற்றாண்டுக்கு முன்பே அரசுத் துறையால் முடிந்தது, முன்னாள் மாணவர் கிளைகளால் ஏன் முடியாது?

இதற்கு மூன்று மறுப்புகள் சொல்லப்படும். முதலாவது, இது சம்பளமில்லாத தொண்டு. நேரமும் பணமும் உள்ளவர்கள்தானே முன்வருவார்கள் என்பது. வளைகுடா நாடுகளில் அமைப்பு நடத்த உரிமம் வேண்டும், கூட்டத்துக்கு அனுமதி வேண்டும், இதற்கெல்லாம் உள்ளூர்ச் செல்வாக்குள்ளவர் தேவை என்பதும் உண்மைதான். ஆனால் அனுமதி வாங்கித் தருபவரும் அரங்கத்துக்குப் பணம் தருபவரும் புரவலராக இருக்கலாமே! நன்கொடைக்கு நன்றி சொல்வது வேறு, அதற்கு விலையாகத் தலைமையைத் தருவது வேறு. செலவு பிடிக்கும் விருந்துகளைக் குறைத்தால் பணமுள்ளவர் மட்டுமே தலைவராக முடியும் என்ற கட்டாயமும் தானே குறையும்.

இரண்டாவது, உயர் பதவியில் இருப்பவர்களால்தான் இளையவர்களுக்கு வேலைக் கதவைத் திறக்க முடியும் என்பது. ஒரு நிறுவனத்தின் கதவை அவர்கள் திறக்கலாம். மருத்துவமனை, ஆய்வகம், பள்ளி, அரசுத் துறை என்று மற்றக் கதவுகளைத் திறக்க அங்கங்கே பணிபுரிபவர்கள்தான் வேண்டும். மூன்றாவது, ஒரே வகுப்பறையில் படித்தவர்களைத் தொழில்வாரியாகப் பிரிக்கலாமா என்பது. பிரிவினை ஏற்கெனவே இருக்கிறது. மேடையில் யார், கீழே யார் என்பதில் அது தெரிகிறது. அதைச் சரிசெய்யவே விதி கேட்கிறோம். இதற்கு முன்மாதிரியும் உண்டு. புலம்பெயர்ந்த கேரளத்தவரின் குரலுக்காகக் கேரள அரசு அமைத்த லோக கேரள சபை 2018-இல் திருவனந்தபுரத்தில் முதன்முறை கூடியபோது, அதன் 351 உறுப்பினர்களில் வெளிநாட்டுக் கேரளத்தவருக்கு 99 இடங்கள், பிற மாநிலங்களில் வாழ்பவர்களுக்கு 42, தாயகம் திரும்பியவர்களுக்கு 6 என்று வகைவாரியாக ஒதுக்கப்பட்டன. அந்தச் சபையின் செலவு, பயன் பற்றிக் கடும் விமர்சனங்கள் உண்டு. ஆனாலும் திரும்பி வந்தவர்களுக்கும் ஒரு குரல் வேண்டும் என்று எண்ணியது சரியான எண்ணம். இப்படி இடம் ஒதுக்கியதால் யாருடைய ஒற்றுமையும் குலைந்துவிடவில்லை.

சட்டத்தின் நோக்கமும் நம் பக்கமே இருக்கிறது. பதிவு பெற்ற சங்கம் தன் நிர்வாகக் குழுவினரின் பெயர், முகவரி ஆகியவற்றுடன் தொழிலையும் ஆண்டுதோறும் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம் கூறுகிறது. நிர்வாகிகள் என்ன தொழில் செய்கிறார்கள் என்பதைப் பொதுமக்கள் அறிவது நியாயம் என்று அன்றே கருதியிருக்கிறார்கள். இந்தக் கோட்பாடு தாய்ச் சங்கத்துக்கும் அதன் பெயரில் இயங்கும் வெளிநாட்டுக் கிளைகளுக்கும் பொருந்த வேண்டாமா?

எனவே திருவனந்தபுரத்தில் உள்ள தாய்ச் சங்கங்கள் கிளைகளுக்கு அங்கீகாரம் தரும்போது நான்கு நிபந்தனைகளை விதிக்க வேண்டும். வேட்பாளர்களின் படிப்பு, பட்டம் பெற்ற ஆண்டு, தொழில் ஆகியவற்றை வாக்கெடுப்புக்கு முன்பே உறுப்பினர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆசிரியப் பணி, அரசுப் பணி, ஆய்வுத் துறை ஆகியவற்றில் இருப்பவர்களுக்கும், பெண்களுக்கும், கடந்த பத்தாண்டுகளில் பட்டம் பெற்றவர்களுக்கும் நிர்வாகக் குழுவில் இடம் உறுதியாக வேண்டும். ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது. நன்கொடையின் அளவு பதவிக்குத் தகுதியாகக் கூடாது. கிண்டி, கோவை, திருச்சி கல்லூரிகளின் சங்கங்களும் இவற்றைத் தம் விதிகளில் சேர்த்துக் கொள்ளலாம். இதற்கு அரசாணை தேவையில்லை, நிதி தேவையில்லை. அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போதும். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரும் பொறுப்பு, இதுவரை பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுடையது. அவர்கள் எழுந்து கேட்க வேண்டும்.