லாரி ரோட்டில் சைக்கிளுக்கு ஆறரை அடி!

"சைக்கிள் மீது லாரி மோதல், தொழிலாளி பலி."

வடசென்னையில் மாலைப் பத்திரிகை படிப்பவர்களுக்கு இந்தத் தலைப்பு புதிது அல்ல. பெயர் மாறும். வயது மாறும். இடம் ஒரு நாள் எர்ணாவூராக இருக்கும், இன்னொரு நாள் காசிமேடாக இருக்கும். மற்ற வரிகள் அப்படியேதான் இருக்கும். வேலைக்குப் போனவர். பின்னால் வந்த கண்டெய்னர் லாரி. அந்த இடத்திலேயே சாவு. டிரைவர் ஓட்டம். பிணம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில். போலீசார் வழக்குப்பதிவு.

எட்டு வரிச் செய்தி. கையில் உள்ள டீ ஆறுவதற்குள் படித்து முடித்து விடலாம். செத்தவர் வீட்டில் அது எட்டு வரியோடு முடிவது இல்லை.

இந்தச் சாவுகளை "விதி" என்று சொல்லி எத்தனை நாள் ஓட்டுவது?

யார் இந்த சைக்கிள்காரர்?

சைக்கிள் ஓட்டினால் உடம்புக்கு நல்லது, ஊருக்கும் நல்லது என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரை சாலைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். தலையில் ஹெல்மெட், கண்ணைப் பறிக்கும் சட்டை, லட்ச ரூபாய் விலையில்கூட சைக்கிள். கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். நல்ல பழக்கம். குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் சைக்கிள் மிதிக்கிறவர் உடம்பு இளைப்பதற்காக மிதிக்கவில்லை. அது ஏற்கனவே இளைத்த உடம்பு!

காசிமேட்டில் மீன் எடுத்து, கேரியரில் கூடையைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவர் ஒருவர். டீ கேனை மாட்டிக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போகிறவர் இன்னொருவர். நைட் டூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் திரும்பும் வாட்ச்மேன். கண்டெய்னர் யார்டுக்குப் போகும் கூலி ஆள். ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து மணலியில் வேலை செய்யும் வாலிபர்கள். ஹேண்டில்பாரில் இரண்டு, கேரியரில் இரண்டு என்று தண்ணீர்க் குடத்தைக் கட்டித் தள்ளிக்கொண்டு போகும் குடும்பஸ்தர். இவர்களுக்கு சைக்கிள் என்பது பஸ் காசு மிச்சம். பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு.

பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2001-2002-ல் ஆதி திராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிளஸ்-1 மாணவ-மாணவிகள் எல்லோருக்கும் என்று அது விரிந்தது. சைக்கிளைக் கொடுத்தாயிற்று. ஓட்ட வழி?

சங்கு ஊதினால் சைக்கிள்

ஒரு காலத்தில் இந்தப் பகுதியே சைக்கிள் ராஜ்ஜியம். திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை. 1955-ல் அதே ஊரில் புல்லட் மோட்டார் சைக்கிள் ஆலை. எண்ணூரில் லாரி செய்யும் ஆலை. சங்கு ஊதியதும் கேட்டுக்கு வெளியே ரோடு முழுக்க சைக்கிள்தான். புல்லட் செய்தவரும் சைக்கிளில் வந்தார், லாரி செய்தவரும் சைக்கிளில் வந்தார்.

1970-ம் ஆண்டு கணக்குப்படி சென்னையில் 100 பயணங்கள் நடந்தால் அதில் 20 சைக்கிள் பயணம். மோட்டார் பைக், ஸ்கூட்டர் எல்லாம் சேர்த்து இரண்டே இரண்டு. 2008-ல் எடுத்த கணக்கில் சைக்கிள் 6 ஆக இறங்கி விட்டது. பைக் 25 ஆக ஏறி விட்டது.

"அப்படியானால் சைக்கிள் செத்துவிட்டது, அதற்கு எதற்கு ரோடு?" என்று கேட்பவர்கள் உண்டு. நகரம் எத்தனை மடங்கு பெருத்திருக்கிறது என்று அவர்கள் பார்ப்பது இல்லை. இவ்வளவு பெரிய நகரத்தில் நூற்றுக்கு ஆறு என்றால் தினமும் பல லட்சம் பயணங்கள். பைக் வாங்க முடிந்தவர்கள் வாங்கிவிட்டார்கள். வாங்க முடியாதவர்தான் மிச்சம் இருக்கிறார். அவருக்காகப் பேச ஆள் இல்லை.

பின் சக்கரத்தின் கதை

1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தார்கள். நாட்டிலேயே முதல் முனையம் என்று பெருமையாகச் சொன்னார்கள். 2001-ல் எண்ணூர் துறைமுகம் வந்தது. அதற்குப் பிறகு காட்டுப்பள்ளி. மூன்று துறைமுகங்களின் பெட்டிகளும் இந்த வட்டாரத்து ரோடுகளில்தான் போகவேண்டும், வரவேண்டும். ஒரு பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறை. மறுபக்கம் குப்பமும் கடையும். நடுவே 40 அடி பெட்டியுடன் டிரெய்லர் லாரி.

இந்த டிரெய்லர் எப்படி ஆளை அடிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. சைக்கிள்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும், அதிகாரியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீளமான லாரி இடது பக்கம் திரும்பும்போது, முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பகுதி தாண்டிப் போய்விட்டதே என்று ஓரமாக நிற்கும் சைக்கிள்காரரைப் பின் சக்கரம் வந்து இழுத்துக்கொள்ளும். டிரைவர் சீட்டு உயரத்தில் இருக்கிறது. கதவுக்குக் கீழே இடது பக்கத்தில் சைக்கிள் நின்றால் அவர் கண்ணுக்கும் தெரியாது, பல நேரம் கண்ணாடியிலும் தெரியாது. சைக்கிள்காரரோ, "இவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம், பார்க்காமலா இருப்பார்?" என்று நினைக்கிறார். இரண்டு பேர் மீதும் பெரிய தப்பு இல்லாமலேயே ஒருவர் செத்துப்போகிறார்.

லண்டன் மாநகரில் இதற்காகவே 2021 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. டிரைவர் சீட்டில் இருந்து ரோடு எவ்வளவு தூரம் நேராகத் தெரிகிறது என்று பார்த்து, கனரக லாரிக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். போதிய நட்சத்திரம் இல்லாத லாரி கூடுதல் பாதுகாப்புச் சாதனம் மாட்டினால்தான் பெர்மிட். நம் ஊரில் லாரியின் பக்கவாட்டில் ஆள் உள்ளே போகாதபடி தடுப்புக் கம்பி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தக் கம்பி எத்தனை டிரெய்லரில் ஒழுங்காக இருக்கிறது என்று ஒரு நாள் நிறுத்திப் பார்க்கலாமே!

நிற்கிற லாரிக்கு இடம் உண்டு

அடுத்தது கியூ. துறைமுகத்தில் நெரிசல் வந்துவிட்டால் எண்ணூர் விரைவு சாலையில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். இடது ஓரம் முழுக்க லாரி. ஓரமாகப் போகவேண்டிய சைக்கிள்காரர் என்ன செய்வார்? நடு ரோட்டுக்கு ஏறுவார். அங்கே வேகமாக வரும் வண்டி ஆரன் அடிக்கும். கூடவே, "சாவுகிராக்கி! வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று அர்ச்சனை. ராத்திரியில் பின் விளக்கு இல்லாமல் நிற்கும் டிரெய்லரில் போய் முட்டுவது தனிக் கதை.

டிரைவரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. மணிக்கணக்கில் கியூவில் கிடந்தவர் அவர். சோறு இல்லை, தூக்கம் இல்லை, கக்கூஸ் போக இடம் இல்லை. கேட்டுக்குள் நுழைந்தால்தான் டிரிப் பணம்.

எண்ணூர்-மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று போட்டார்கள். தேசிய நெடுஞ்சாலை ஆணையம், துறைமுகங்கள், தமிழக அரசு எல்லாம் பங்கு போட்டு, பல நூறு கோடி ரூபாயில் ரோட்டை அகலப்படுத்தினார்கள். துறைமுகப் பெட்டி சீக்கிரம் போகவேண்டும் என்பது அதன் நோக்கம். சைக்கிளுக்குத் தனிப் பாதை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இடம் கேட்டால் இடம் இல்லை என்பார்கள். நிற்கிற லாரிக்கு இடம் இருக்கிறது. ஓடுகிற சைக்கிளுக்கு மட்டும் இல்லை!

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது

வேடிக்கை என்னவென்றால், காகிதத்தில் சைக்கிள்காரருக்கு எல்லாம் கொடுத்தாகிவிட்டது.

2014-ம் ஆண்டு சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை நிறைவேற்றியது. மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கான கொள்கை. நாட்டிலேயே இப்படிக் கொள்கை வகுத்த முதல் நகரம் என்று பாராட்டு கிடைத்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. 2018-க்குள் நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர் சாவை பூஜ்யம் ஆக்குவோம் என்றும் எழுதியிருக்கிறது. 2018 எப்போதோ போய்விட்டது.

2019 நவம்பரில் தி.நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. அழகாகத்தான் இருக்கிறது. திருவொற்றியூர் 2011-லேயே சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. வரி மட்டும் சென்னைக் கணக்கில் கட்டுகிறார்கள்.

"விரைவு சாலை எங்கள் ரோடு இல்லை" என்று மாநகராட்சி சொல்லலாம். "சைக்கிள் எங்கள் இலாகா இல்லை" என்று நெடுஞ்சாலைக்காரர்கள் சொல்லலாம். இரண்டு இலாகாவுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் சைக்கிள்காரர் விழுகிறார்.

நெடுஞ்சாலைக்காரர்களின் சொந்தப் புத்தகத்திலேயே விடை இருக்கிறது. இந்திய சாலை காங்கிரஸ் என்று ஒரு அமைப்பு உண்டு. கட்சி அல்ல, ரோடு என்ஜினீயர்களின் அமைப்பு. ரோடு எப்படிப் போடவேண்டும் என்று அதுதான் விதி எழுதும். 1962-லேயே அது எழுதி வைத்தது: ஒரு ரோட்டில் மணிக்கு 200 மோட்டார் வண்டிகளுக்கு மேல் ஓடினால், மணிக்கு 100 சைக்கிள் வந்தாலே போதும், தனிப் பாதை போடலாம். அகலம் குறைந்தது 2 மீட்டர். அதாவது ஏறக்குறைய ஆறரை அடி.

செத்த பிறகு ஆறடி கொடுக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது ஆறரை அடி கேட்டால் தப்பா?

ஹாலந்தில் நடந்தது

இன்று உலகத்தில் சைக்கிளுக்குப் பேர் போன நாடு ஹாலந்து. அங்கேயும் இது தானாக வரவில்லை. 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் 3 ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அதில் 400-க்கும் அதிகமானவர்கள் குழந்தைகள். தாய் தகப்பன்மார் தெருவுக்கு வந்தார்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்பதுதான் அந்த இயக்கத்தின் பெயரே. ரோட்டை மறித்தார்கள், மந்திரிகளிடம் போனார்கள். 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. பிறகுதான் பாதை பாதையாகப் போட்டார்கள்.

நம் நாட்டிலும் ஒரு வழி பிறந்திருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகன சட்டத்தில் 138 (1-ஏ) என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். நடப்பவர்கள், மோட்டார் இல்லாத வண்டிகள் பற்றி மாநில அரசு விதி போடலாம் என்கிறது அது. கோவை எலும்பு சிகிச்சை டாக்டர் ஒருவர் போட்ட வழக்கில், 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, 6 மாதத்தில் அந்த விதிகளை வகுக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. தமிழ்நாட்டு விதிகளில் துறைமுக ரோடுகளுக்கு என்று தனியாக ஒரு வரி இருக்க வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

செத்தவர் குடும்பத்துக்கு ஒரு விஷயம். லாரி நம்பர் தெரிந்தால் விபத்து இழப்பீட்டு கோர்ட்டில் வழக்குப் போடலாம். இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டும். லாரி எது என்றே தெரியாமல் ஓடிவிட்டாலும் வெறுங்கையோடு உட்கார வேண்டியது இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் இப்படிப்பட்ட சாவுக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் என்று மத்திய அரசு திட்டம் இருக்கிறது. முன்பு 25 ஆயிரம்தான். வருவாய்த்துறை கோட்ட அதிகாரி அல்லது தாசில்தாரிடம் மனு கொடுக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கிலும் மாற்றம் உண்டு. முன்பு இ.பி.கோ. 304-ஏ, அதிகபட்சம் 2 ஆண்டு ஜெயில். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 106, அதிகபட்சம் 5 ஆண்டு.

சைக்கிள்காரரும் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கி விடுவார். இப்போது யாரும் கேட்பது இல்லை. அதற்காக இருட்டில் கருப்புச் சட்டையோடு, எதிர்த்திசையில், காதில் போன் வைத்துக்கொண்டு போகலாமா? பின் மட்கார்டில் ஒட்டும் சிவப்பு ரிப்ளெக்டர் ஒரு டீ, ஒரு வடை விலைதான்.

ஒரு நோட்டு, ஒரு பேனா

உடனே கோடிக்கணக்கில் பணம் போடச் சொல்லவில்லை. முதலில் எண்ணிப் பாருங்கள். காசிமேடு, டோல்கேட், எர்ணாவூர் மூன்று இடங்களில் ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா கொடுத்துக் காலை 6 மணி முதல் 9 மணி வரை நிற்க வைத்தால் போதும். மணிக்கு 100 சைக்கிள் தேறுகிறதா என்று தெரிந்துவிடும். தேறினால், கியூ லாரிகளை யார்டுக்குள் அனுப்பிவிட்டு, அந்த இடது ஓரத்தில் ஆறரை அடிக்குத் தடுப்புக் கல் வைக்கலாம். பெயிண்ட் கோடு வேண்டாம். பெயிண்டுக்கு எந்த லாரியும் பயப்படாது.

விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரெயில் வந்துவிட்டது. எண்ணூரில் இருந்து சைக்கிளில் வந்து ஸ்டேஷனில் பூட்டிவிட்டு ரெயில் ஏறலாம், பாதி வழியில் சாகாமல் வந்து சேர முடியுமானால்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கிளப் நண்பர்களுக்கும் ஒரு அழைப்பு. உங்கள் பேச்சை அதிகாரிகள் கேட்கிறார்கள். ஒரு வாரம் கிழக்குக் கடற்கரை சாலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள், வேலை நாளில், காலை 7 மணிக்கு. மாநகராட்சி கமிஷனர், போக்குவரத்து போலீஸ் அதிகாரி, துறைமுக அதிகாரி, நெடுஞ்சாலை என்ஜினீயர் நாலு பேரையும் டோல்கேட்டுக்கு அழைத்து வாருங்கள். ஜீப்பில் வேண்டாம், சைக்கிளில்.